சுண்ணாம்பாற்றுக்குப் போன திருமண நாள்

என் மனைவி நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்த வேலை. மகள் பிறந்தபோது சில மாதம் நின்றாள், பிறகு திரும்பவும் போய்விட்டாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை சேலை பிரித்துக் காட்டினாலும் அவளுக்கு வாய் ஓயாது. "இந்த நெறம் உங்க பொண்ணுக்கு எடுக்கும்க்கா, வெளிச்சத்துல வந்து பாருங்க" என்று சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை கூட்டிப்போவாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் இறங்குவதற்குள் அவளுடைய குடும்பக் கதை முழுக்க இவளுக்குத் தெரிந்திருக்கும்.

நான் தட்டாஞ்சாவடியில் பாட்டில் மூடி செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன். பகல் முழுக்க மெஷின் சத்தத்துக்குள் நின்றுவிட்டு மூலக்குளத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்தால் எனக்குப் பேசத் தோன்றாது. எனக்கும் சேர்த்து அவள் பேசினாள். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் யாராவது என்னிடம் நலம் விசாரித்தால் பதில் அவளிடமிருந்துதான் வரும். அவளுடைய அண்ணன் குடும்பம் பிரான்சில் இருக்கிறது. அங்கிருந்து போன் வந்தால் நான் தலையை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். எங்களுக்கு அப்படியே பழகிப்போயிருந்தது.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால், ஒரு காலையில், தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் கையிலிருந்து கரண்டி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனாள். எடுக்க முடியவில்லை. கரண்டியைச் சுற்றிலும் விரல்கள் தரையைத் தடவின. பிறகு என் பக்கம் திரும்பினாள். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. எதையோ சொல்ல முயன்றாள், ஊதுவதுபோல் காற்றுதான் வந்தது. எங்கள் தெருவிலேயே இருக்கும் ஆட்டோக்காரத் தம்பி கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கால் பாதிக்குமேல் திரும்பி வந்தது, வெளியே போனால் தடி வேண்டும். வலது கை அவ்வளவாக வரவில்லை. பேச்சு வரவே இல்லை.

ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. "அப்புறம்."

தண்ணீர் வேண்டும் என்றாலும் அப்புறம். தலை வலிக்கிறது என்றாலும் அப்புறம். மகளைக் கூப்பிட்டாலும், கோபம் வந்தாலும், எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான் வாயில் வந்தது. சொல்லி முடித்ததும் தான் நினைத்தது அதுவல்ல என்று அவளுக்கே தெரியும். உதட்டைக் கடித்துக்கொள்வாள். திரும்பவும் முயல்வாள். திரும்பவும் அதுவே வரும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். பொறுமையான பெண். முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினாள்.

"அம்மாவுக்குப் புரியுது சார். வார்த்தையும் உள்ள இருக்கு. அத வெளிய கொண்டாற வழிதான் அடிபட்டுப் போச்சு. இன்னொன்னு. ஆமா, இல்ல ரெண்டும் அவங்களுக்கு மாறிப் போவும். இல்லன்னு சொல்ல நெனைச்சுத் தலையாட்டுவாங்க, அது ஆமா மாதிரி வந்துடும். அதனால ஒரு தடவ கேட்டுட்டு நம்பிடாதீங்க. அதே கேள்விய மாத்திக் கேளுங்க."

நான் அப்படியே கேட்டுப் பழகினேன். "சோறு வேணுமா?" தலையாட்டுவாள். "சோறு வேணாமா?" அதற்கும் தலையாட்டினால் தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைப்பேன். சாப்பிட்டால் வேண்டும். தள்ளினால் வேண்டாம். வீட்டுக்குள் அது போதுமாக இருந்தது.

மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். லீவு போட்டு வந்து கூட இருந்துவிட்டு, மேலும் நீட்டிக்க முடியாமல் கிளம்பிப் போனாள். அவள் போனபிறகு என் கம்பெனியில் பேசி வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டேன். நான் போயிருக்கும் நேரத்துக்கு எதிர்வீட்டு அம்மா வந்து உட்கார்ந்திருப்பார். என் மனைவி நைட்டியில் சன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். சாயங்காலச் செபத்துக்கு நான் மெழுகுவர்த்தி ஏற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதற்கு முன் ஒரு நாள்கூட செபத்தை விட்டவளில்லை.

மே மாதம் எங்கள் திருமண நாள் வந்தது. மகள் முன்கூட்டியே போன் செய்தாள்.

"அப்பா, இந்த வருஷம் அம்மாவ எங்கனா வெளிய கூட்டினு போப்பா. எத்தினி நாளைக்கு அந்த சன்னலையே பாத்துக்கினு உக்காந்திருப்பாங்க?"

"அவ நடக்கறதே கஷ்டமா இருக்கே."

"தூரமா வேணாம். வில்லியனூர் மாதா கோயில், அங்கேருந்து சுண்ணாம்பாறு. போட்ல போனா அம்மாவுக்குப் புடிக்கும். போட்டோ எடுத்து அனுப்பு."

வருடா வருடம் அந்த நாளில் வில்லியனூரில் பூசை கண்டுவிட்டு எங்காவது போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவது எங்கள் வழக்கம்தான். அதனால் எனக்கும் சரியென்று பட்டது. மனைவியிடம் கேட்டேன். தலையாட்டினாள். மாற்றிக் கேட்டேன். அதற்கு ஆட்டவில்லை. எழுந்துபோய் பீரோவைத் திறந்து இடது கையால் ஒரு சேலையை இழுத்தாள். அரக்கில் பச்சைக்கரை போட்ட பட்டு. அவளே தனக்காக எடுத்தது.

சேலை கட்ட நான்தான் இருந்தேன். போனில் ஒரு வீடியோவைப் போட்டு நிறுத்தி வைத்து, பார்த்துப் பார்த்து மடிப்பு வைத்தேன். எத்தனையோ மணப்பெண்களுக்குக் கண்ணாடி முன்னால் நிறுத்திக் கொசுவம் வைத்துக் காட்டியவள் அவள். என் விரலுக்குள் பட்டு நிற்கவில்லை. ஒருவழியாகச் செருகி, தோளில் ஊக்குப் போட்டு, கண்ணாடி முன்னால் திருப்பி நிறுத்தினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு இடது கையால் ஊக்கைக் கழற்றி, செருகியதையும் உருவினாள். சேலை முழுவதும் காலடியில் விழுந்தது. மகள் வாங்கிக் கொடுத்திருந்த சுடிதாரைப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினாள்.

கிளம்பும் நேரத்தில் பிரான்சிலிருந்து அண்ணன் வீடியோவில் வந்தார். காது சரியாகக் கேட்காத மனிதர், சத்தம் போட்டுப் பேசுவார்.

"போன் அனிவேர்சேர் தங்கச்சி!" என்று பிரெஞ்சில் வாழ்த்தினார். "எப்டி இருக்க?"

"அப்புறம்" என்றாள்.

"அப்புறம் இன்னா, எல்லாம் நல்லாத்தான் இருக்கோம். இங்க இன்னும் குளிரு வுடல."

"அப்புறம்."

"பேரன் பள்ளிக்கூடம் போறான். அப்புறம், நீ சொல்லு!"

பேச்சு வரவில்லை என்று பலமுறை அவருக்குச் சொல்லியிருந்தேன். போனில் அந்தச் சொல்லைக் கேட்டதும் தங்கை பழையபடி கதை கேட்கிறாள் என்று நம்பிவிட்டார். குரலில் அவ்வளவு சந்தோஷம். அவள் போனை என் கையில் திணித்துவிட்டு வாசலுக்கு நடந்தாள்.

ஆட்டோக்காரத் தம்பியை நாள் முழுவதற்கும் பேசியிருந்தேன். வாரந்தோறும் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவர். அவளை எந்தப் பக்கம் பிடித்து ஏற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

வில்லியனூரில் பூசை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. கோயிலுக்கு எதிரே குளத்தங்கரையில் உட்கார்ந்தோம். குளத்து நடுவில் மாதா சுரூபம். படிக்கட்டில் ஏதோ ஊரிலிருந்து வந்த பெண்கள் வட்டமாக உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொன்னார்கள்.

எனக்குப் பக்கத்திலிருந்தும் அந்தப் பின்பாதி கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். என் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சொல் பிசகவில்லை. மரண நேரத்தைச் சொல்லும் கடைசி வரிவரைக்கும் முழுதாக, தெளிவாக, அவளுடைய பழைய குரலிலேயே வந்தது. கடையில் கூட்டத்துக்கு நடுவே இரண்டு கவுண்டர் தள்ளிக் கேட்கும் அந்தக் குரல். செபமாலையின் அடுத்த மணிக்கும் சொன்னாள். அதற்கடுத்ததற்கும் சொன்னாள். மாதங்களாக அந்தக் குரலை நான் கேட்கவில்லை. மறந்துபோகத் தொடங்கியிருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

மனப்பாடமாக இருந்தவை சிலருக்குத் தானாக வரும், பாட்டு, செபம், வாய்ப்பாடு இப்படி, ஆனால் அதை வைத்துப் பேச்சு வந்துவிட்டதாக நினைக்கக் கூடாது என்று பயிற்சி கொடுக்கும் பெண் முன்பே சொல்லியிருந்தாள். அந்த நேரத்தில் எனக்கு அது நினைவில் இல்லை. ஒரு சுற்று முடிந்து அவர்கள் நிறுத்தியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பேசறியே! உனக்குப் பேச்சு வந்துடுச்சு! என்னக் கூப்புடு பாக்கலாம். ஏங்கன்னு எப்பவும் கூப்புடுவியே, அது மாதிரி ஒரு தடவ கூப்புடு."

அவள் முகமும் மலர்ந்திருந்தது. வாயைத் திறந்தாள். நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம்."

திரும்பவும் முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது.

"அப்... அப்புறம்."

"பரவால்ல வுடு, பரவால்ல" என்றேன். என் முகத்தில் அப்போது என்ன இருந்ததோ, அவள் அதைப் பார்த்தாள். கையை உருவிக்கொண்டு குளத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். அந்தப் பெண்கள் அடுத்த தேவரகசியத்தை, செபமாலையின் அடுத்த சுற்றை, தொடங்கினார்கள். அவள் சேர்ந்து சொல்லவில்லை.

டவுன் வழியாக வந்து, முருங்கப்பாக்கம் தாண்டி, அரியாங்குப்பத்தில் சாப்பாட்டுக்கு இறங்கினோம். தம்பியையும் கூப்பிட்டேன், பசியில்லை என்று சொல்லி வண்டியிலேயே இருந்துவிட்டார். உள்ளே மீன் சாப்பாடு சொன்னேன். அவளுக்கு வஞ்சிரம் முள்ளெடுத்துப் பிசைந்து வைத்தேன். இடது கையில் கரண்டியோடு மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.

அடுத்த மேசையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்து வந்தார். நல்ல உடை, கழுத்து நிறைய நகை.

"ஏம்மா, நீ அந்த ஜவுளிக்கடையில இருந்தவதான? என்ன அடையாளம் தெரியலியா? எம்பொண்ணு கல்யாணத்துக்கு மொத்த சேலையும் நீதான எடுத்துக் குடுத்த!"

என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்தது. கண்ணில் நன்றாகவே தெரிந்தது. சிரித்தாள். சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது.

"அப்புறம்" என்றாள்.

அந்தப் பெண்மணி காத்துக்கொண்டிருந்தார். மேலே ஒன்றும் வராததால் குழம்பி என்னைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். ஐயோ என்று வாயில் கைவைத்தார். பிறகு அவளுக்கு முன்னாலேயே, அவள் அங்கே இல்லாததுபோல, என்னிடம் கேட்டார்.

"இப்ப ஒண்ணும் புரியாதா இவங்களுக்கு? கொழந்த மாதிரி ஆயிட்டாங்களா?"

"எல்லாம் புரியும்" என்றேன்.

"இன்னா பேச்சு பேசும் இந்தப் பொண்ணு! யாரு கண்ணு பட்டுதோ. பாவம்." அவள் தலையில் கைவைத்துத் தடவிக் கொடுத்தார். சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "நல்லா, சாப்புடுங்க, இன்னா?" என்று சொல்லிவிட்டுப் போனார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாதவர். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன்.

என் மனைவி கரண்டியை வைத்துவிட்டாள். மீன் அப்படியே இருந்தது. எவ்வளவு சொல்லியும் மறுபடி எடுக்கவில்லை. பக்கத்து மேசைகளில் ஆட்கள் எங்களைப் பார்க்கவும் பார்க்காமலிருக்கவும் தெரியாமல் திணறினார்கள்.

வெளியே வந்ததும், "வூட்டுக்குப் போயிடலாமா?" என்று கேட்டேன். அவள் தலையாட்டவே இல்லை. இடது கையை நீட்டிக் கடலூர் ரோட்டைக் காட்டினாள். ஆற்றுப் பக்கம்.

"போட்டுக்குப் போவணுமா?"

அவளே ஆட்டோவில் ஏறப் போனாள். மனது தேறிவிட்டது என்று நினைத்தேன். சாப்பாட்டுக்கடையில் நடந்ததைப் போட் பயணம் மறக்கடித்துவிடும் என்றுகூட நினைத்தேன்.

சுண்ணாம்பாற்றில் போட்டுக்கு வரிசை இருந்தது. போட்காரர்கள் இரண்டு பக்கமும் பிடித்து அவளை ஏற்றினார்கள். ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டிவிட்டேன். கழிமுகத்தை நோக்கிப் போகும் அந்த ஓட்டம் நன்றாக இருந்தது. இரண்டு கரையிலும் அலையாத்திச் செடி, தண்ணீர்மேல் வெயில், முகத்தில் காற்று. அவள் துப்பட்டா பறந்துகொண்டிருந்தது. போட்டோ எடுத்தேன். அதில் அவள் நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மகளுக்கு அங்கேயிருந்தே அனுப்பினேன். உடனே இதயம் இதயமாக நிறையத் திருப்பி அனுப்பினாள்.

அந்தப் பக்கம் இறங்கினால் மணல்திட்டு, அதற்கப்பால் கடல். வெளியூர்ப் பையன்கள் கூட்டமாகக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் பாட்டு. குளிக்கிற இடத்துக்குக் கயிறு கட்டியிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் போக வேண்டாம் என்று அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனேன். ஈர மணல்வரைக்கும் தடியூன்றி வந்தாள். வந்ததும் தடியைப் போட்டுவிட்டாள். கால் நனைக்க ஆசை என்று தோன்றியது.

"இரு, மெதுவா. இங்கியே நில்லு, ஒரு போட்டோ எடுக்கறேன்."

பின்னால் வந்து போனை எடுத்தேன். திரையில் அவள் முதுகும் கடலும் தெரிந்தன. ஒன்று எடுத்தேன். "இந்தப் பக்கம் திரும்பு" என்றேன். திரும்பவில்லை. இன்னொன்று எடுத்தேன். திரையில் அவள் சின்னதாகிக்கொண்டே போனாள். போன்தான் தூரமாகக் காட்டுகிறது என்று ஒரு கணம் நினைத்தேன். தலையை நிமிர்த்திப் பார்த்தபோது முழங்காலுக்குமேல் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தாள். வலது காலை இழுத்து இழுத்துத்தான். ஆனால் நிற்கவில்லை.

போனை மணலில் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டே ஓடினேன். பெரிய அலை ஒன்று அவள் இடுப்பில் அடித்தது, தடுமாறினாள், விழவில்லை. அது இழுத்துக்கொண்டு போன திசையிலேயே நடந்தாள். நான் போய்ப் பிடித்தபோது அடுத்த அலை எங்கள் இரண்டு பேரையும் புரட்டிப் போட்டது. வாயிலும் மூக்கிலும் உப்புத்தண்ணீர். ஒரு கையால் அவள் துப்பட்டாவைப் பிடித்திருந்தேன், அது கழுத்தை இறுக்குமே என்று விட்டேன். கையைப் பிடித்தேன். அவள் இடது கை என் தோளில் பட்டது. அது என்னைத் தள்ளியதா பிடித்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடற்கரைக் காவலாளி விசில் ஊதிக்கொண்டு வந்தார். குதித்துக்கொண்டிருந்த பையன்களில் சிலரும் ஓடிவந்தார்கள். எல்லோருமாக இழுத்து மணலில் போட்டார்கள். அவளைக் கவிழ்த்து முதுகைத் தட்டினார்கள். வாந்தி எடுத்தாள். பிறகு மூச்சு சீராக வந்தது.

"இன்னா பெரியவரே, கயிறு கட்டியிருக்கறது தெரியல? கை கால் வராதவங்கள இப்டித் தண்ணில எறக்கலாமா? நாங்க இல்லன்னா இன்னா ஆயிருக்கும்?" என்று காவலாளி சத்தம் போட்டார்.

"தெரியாம எறங்கிட்டோம் சார்" என்றேன். எறங்கிட்டோம் என்றுதான் சொன்னேன். ஒரு பையன் தன் துண்டைக் கொண்டுவந்து அவளுக்குப் போர்த்திவிட்டு, வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்று கையால் காட்டிவிட்டுப் போனான்.

கூட்டம் போனபிறகு கீற்றுக் குடை ஒன்றின் கீழே அவளை உட்காரவைத்தேன். பல் அடித்துக்கொண்டிருந்தது அவளுக்கு, அந்த வெயிலிலும்.

"கால நனைக்கத்தான போன?" என்று கேட்டேன்.

தலையாட்டினாள்.

எனக்கு உயிர் வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மாற்றிக் கேட்டே பழகிப்போன வாய்.

"சாவறதுக்குப் போனியா?"

அதற்கும் தலையாட்டினாள்.

"சாவறதுக்கு இல்ல, இல்ல?"

தலையாட்டினாள்.

"நான் வந்து புடிச்சது உனக்குப் புடிக்கலியா? சொல்லு. எப்டியாவது சொல்லு."

"அப்புறம்" என்றாள். "அப்புறம், அப்புறம், அப்புறம்." ஒவ்வொன்றுக்கும் இடது கை முட்டியால் தன் தொடையில் குத்திக்கொண்டாள். கண்ணீரும் மூக்குநீரும் ஒன்றாக ஒழுகின. அவளுக்குள் ஒரு பதில் இருந்தது. அது முழு வாக்கியமாக, காரணத்தோடு, ஒருவேளை என்மேல் கோபத்தோடு இருந்தது. இத்தனை வருடம் கூடப் படுத்து எழுந்தவன், அது என்னவென்று தெரியாமல் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவள் கையைக் குத்தவிடாமல் பிடித்துக்கொண்டேன். அது ஒன்றுதான் எனக்குச் செய்யத் தெரிந்தது.

திரும்பும் போட்டில் இருவரும் நனைந்து உட்கார்ந்திருந்தோம். ஆட்டோக்காரத் தம்பி எங்களைப் பார்த்ததும் இறங்கி வந்தார். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு லுங்கியை எடுத்து விரித்தார். வழியெங்கும் மெதுவாக ஓட்டினார்.

மகளிடம் அலையில் விழுந்துவிட்டோம் என்று மட்டும் சொன்னேன். கடற்கரையில் எடுத்த படங்களைக் கேட்டாள். போன் நனைந்ததில் படங்கள் போய்விட்டன என்றேன். அவை போனில் இருந்தன. அவற்றைத் திறந்து பார்க்கவும் தைரியம் வரவில்லை, அழிக்கவும் வரவில்லை. வீட்டில் இருந்த பூச்சிமருந்து, மாத்திரைகள், அரிவாள்மணை எல்லாவற்றையும் எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். பெயின்ட் அடிக்கப் போகிறோம் என்று ஒரு பொய் சொன்னேன். அந்த அம்மா நம்பவில்லை, ஆனால் வாங்கி வைத்துக்கொண்டார்.

அடுத்த பயிற்சி நாளில் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுதும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நான் அவங்ககிட்ட கேக்கறேன் சார். ஆனா இன்னிக்கே பதில் வரும்னு எதிர்பாக்காதீங்க" என்றாள். தலையாட்டுவதை நிறுத்தச் சொன்னாள். ஆமாம் என்றால் இடது கட்டைவிரலை மேலே, இல்லை என்றால் கீழே. அதையே நாட்கணக்கில் பழக்கினாள். உங்க பேரு இதுவா, இது கதவா, இது காப்பியா, இப்ப மழ பேயுதா. விரல் மாறாமல் சரியாக வரும்வரை முக்கியமான கேள்வியைக் கேட்கவே இல்லை. வீட்டிலும் நானும் என் மனைவியும் உட்கார்ந்து இதையே செய்தோம்.

ஒரு நாள் அந்தப் பயிற்சிப் பெண் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என் மனைவியோடு தனியாகப் பேசினாள். ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன். கதவைத் திறந்து அந்தப் பெண் வந்தபோது அவள் கண்ணும் சிவந்திருந்தது.

"ஆமா சார். சாவணும்னுதான் போயிருக்காங்க. நாலஞ்சு மாதிரி மாத்திக் கேட்டேன். விரல் மாறல."

"இப்ப?"

"இப்பவும் சில நாள் தோணுதுன்னு சொல்றாங்க. எல்லா நாளும் இல்ல. இத நீங்க தெரிஞ்சிக்கணும்னு அவங்களே விரும்பினாங்க. சொல்லலாமான்னு கேட்டேன், விரல மேல காட்டினாங்க. மனநல டாக்டர் கிட்ட இன்னிக்கே பாத்துடலாம், நானே கூட வரேன்."

உள்ளே போனேன். அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மாதங்களாக அவள் முகத்தில் இருந்த முயற்சி, எதையோ தள்ளித் தள்ளித் தோற்கும் அந்த முயற்சி, அப்போது இல்லை. களைத்துப்போனவளாகத்தான் தெரிந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தன் இடது கையை எடுத்து என் முழங்காலில் வைத்தாள்.

மாத்திரை ஆரம்பித்தார்கள். மகளிடம் உண்மையைச் சொன்னேன். அடுத்த பஸ்ஸிலேயே வந்தாள். "நான்தானப்பா போவச் சொன்னேன்" என்று வாசலிலேயே நின்று அழுதாள். அவள் அம்மா சன்னலோரத்திலிருந்து எழுந்து வந்து, இடது கையால் அவள் பையை வாங்கி உள்ளே வைத்தாள். மகள் இப்போது வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கி மாதத்தில் பாதி எங்களோடு இருக்கிறாள்.

இந்த ஆண்டும் மே மாதம் அந்த நாள் வந்து போனது. அதற்குள் அவளுக்குக் கொஞ்சம் சொற்கள் திரும்பியிருந்தன. தண்ணி, வேணாம், சூடு, போ. மகள் பேரில் முதல் எழுத்து. செபம் சொல்லத் தொடங்கியிருந்தாள், ஆனால் நான் பக்கத்தில் இருந்தால் சொல்லமாட்டாள். எங்கேயாவது போகலாமா என்று கேட்டேன். "வேணாம்" என்றாள். அன்று நான் சமைத்த மீன்குழம்பில் உப்பு அதிகம். வாயில் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள், மகள் சிரித்துவிட்டாள்.

வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் அவளுக்கு எதிரே உட்கார்ந்து நேராகவே கேட்கிறேன், இன்னிக்கு அந்த நெனப்பு இருக்கா என்று. டாக்டர் அப்படிக் கேட்கத் தயங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அவளும் மறைப்பதில்லை. பெரும்பாலான நாள் விரல் கீழே போகும். மேலே போகும் நாட்களும் இருக்கின்றன. அன்று நான் கம்பெனிக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அவளோடு வீட்டில் இருக்கிறேன்.